நீலத் துளி

நாற்றம் அந்த அம்மாளின் தலையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். என் தொழிலில் முதலில் சந்தேகப்படுவது தலையைத்தான். வெளியே மினுமினுவென்று இருக்கும். பின்னங்கழுத்துப் பக்கம் முடியைத் தூக்கிப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அதனால் வாயைத் திறக்காமல் இரண்டாவது தடவை ஷாம்பூ போட்டு அலசினேன். இன்னும் மோசமாக நாறியது.

கண்ணை மூடிக்கொண்டு பேசினில் தலையைச் சாய்த்திருந்த அந்த அம்மாள், புது ஷாம்பூவா என்று கேட்டார். ஆமாம், மூலிகை என்றேன். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. மூலிகை என்று சொல்லிவிட்டால் எங்கள் வாடிக்கையாளர்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள்.

அவரை அனுப்பிவிட்டு ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். ஷாம்பூ சரியாக இருந்தது. துண்டு சரியாக இருந்தது. பேசின் ஓட்டையில் பிளீச்சிங் பவுடர் கொட்டித் தேய்த்தேன். கடைசியில் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். சீ! மூடிய பாத்திரத்தில் மறந்துபோன கறியின் வாடை.

கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே ஓடினேன். உள் அறையில் என் தங்கை இருந்தாள்.

நான் இருப்பது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாடகைக்கு. முன் அறை என் பியூட்டி பார்லர்: ஒரு நாற்காலி, ஒரு பேசின், ஒரு கண்ணாடி. உள் அறையில் நானும் தங்கையும். அவளுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றுகிற தவணைகளில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அடுத்தது அடுத்த வாரம். முடி கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தபோது, என் நாற்காலியிலேயே உட்கார வைத்து என் கையாலேயே மொட்டையடித்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்து, "இதுக்கும் காசு கேப்பியாக்கா?" என்று கேட்டாள். அப்படிப்பட்டவள் அவள்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி சுத்தமாகக் கீழே போயிருக்கிறது, ஒரு சின்னக் கிருமி போதும். காய்ச்சல் வந்தால் மருந்து ஏற்ற முடியாது. இடைவெளி விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும். ஆகவே எனக்கு இருந்தது ஒரே வேலை: அடுத்த தவணை வரைக்கும் அவளுக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வது. பார்லர், வாடகை, என் இடுப்பு வலி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் போனபோது அவள் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். வாய்ப்புண்ணுக்காக டாக்டர் சொன்ன வைத்தியம் அது. கொதிக்க வைத்த குழாய்த் தண்ணீர். டம்ளரைப் பிடுங்கிக் கீழே கொட்டினேன். நாறுகிறதே, உனக்குத் தெரியவில்லையா என்று கத்தினேன். மருந்து ஏற்றியதிலிருந்து தனக்கு எல்லாமே நாறுகிறது, எது நிஜ நாற்றம் என்று எப்படித் தெரியும் என்றாள்.

அப்படியே மாடி ஏறினேன். மூன்றாவது தளத்தில் எங்கள் கட்டடச் சங்கத்தின் செயலாளர் வீடு. ஓய்வு பெற்ற அதிகாரி. எந்த ஆபீஸில் என்று கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார், அதனால் யாரும் கேட்பதில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்துகூட வரவில்லை. போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் அழகாக ஒரு நீலத் துளி. அதன் கீழே, தண்ணீர் அளவு: நிறைவு, நிலை: தூய்மை.

"உங்க மூக்க நம்பறதா, மிஷின நம்பறதா?" என்று கேட்டார்.

அந்த மிஷின் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகள் உண்டு. மேல் வீடுகளுக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் ஒன்று. முன்பெல்லாம் வாட்ச்மேன் வாரம் ஒரு தடவை ஏறி, மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவார். செயலாளருக்கு அது நாகரிகமாகப் படவில்லை. ஒரு கம்பெனிக்காரனைக் கூட்டி வந்து, தொட்டிக்கு ஒன்றாக மேலே பெட்டி வைத்தார். பெட்டி தண்ணீரைப் பார்த்து இன்டர்நெட் வழியாக அவர் போனுக்குச் சொல்லும். மூடிக்குக் கம்பெனி சீல் வைத்தார்கள். உடைத்தால் வாரண்டி போய்விடும். அன்றிலிருந்து மனிதக் கண் எதுவும் அந்தத் தண்ணீரைப் பார்த்ததில்லை.

சீலைத் திறக்கச் சொல்லுங்கள் என்றேன். ஆப்பில் புகார் கொடுத்தால்தான் கம்பெனி வரும் என்றார். கொடுங்கள் என்றேன். பொறுமையாக அழுத்திக் காட்டினார். 'உங்கள் தண்ணீர் தூய்மையாக உள்ளது, புகார் தேவையில்லை' என்று வந்தது. பார்த்தீர்களா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். உங்கள் வீட்டுக் குழாய்தான் துருப்பிடித்திருக்கும், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள் என்று கதவைச் சாத்தினார். எங்கள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். வாடகை வராவிட்டால் மட்டும்தான் அவருக்கு எங்கள் ஞாபகம் வரும்.

அவர் வீட்டுக்கு வருவது மற்றத் தொட்டித் தண்ணீர். அவருக்கு எப்படி நாறும்?

இந்த மனுஷனிடம் தங்கை ஏற்கெனவே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளுக்கு முன் சங்கக் கூட்டத்தில் நடந்தது அது. மாடிப்படியில் சங்கத்தின் பொது வை-ஃபை ஒன்று இருந்தது. வாட்ச்மேனும் அவர் மனைவியும், பெருக்க வருகிறவர்களும், பார்சல் கொண்டுவருகிற பையன்களும் அதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்களும்தான். எங்கள் அறைக்குள் போன் சிக்னல் எட்டாது. தனியாக நெட் இழுக்க வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும், அவர் பதிலே போடவில்லை. தங்கையைப் பார்க்கிற பெரிய டாக்டர் வேறு ஊரில் இருக்கிறார். வாராவாரம் வீடியோவில்தான் பேசுவார். அவள் மூன்றாவது படியில் தலையணை போட்டு உட்கார்ந்து பேசுவாள். அங்கேதான் நன்றாகக் கிடைக்கும்.

வாட்ச்மேன் மனைவி படியில் உட்கார்ந்து தன் அம்மாவோடு போனில் சிரித்துப் பேசியது செயலாளர் கண்ணை உறுத்தியிருக்கிறது. கட்டடம் சத்திரம் மாதிரி ஆகிவிட்டது என்று ஆரம்பித்தார். முதல் தளத்துப் பேராசிரியர் எழுந்து, அத்தியாவசியம் எது, ஆடம்பரம் எது என்று ஒரு வகுப்பே எடுத்தார். தண்ணீரும் காற்றும் அத்தியாவசியம், மற்றதெல்லாம் பழக்கம் என்றார். அவர் வீட்டில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர், அறைக்கொரு டிவி.

தங்கை தலையில் துணியைக் கட்டிக்கொண்டு எழுந்து, டாக்டரிடம் பேச எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னாள். வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்தில் பேச விதி இல்லை என்றார் செயலாளர். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"தண்ணி இல்லாட்டி செத்துப்போவோம். நெட்டு இல்லாட்டி இதுவரைக்கும் எவனாவது செத்திருக்கானா?"

பலே என்று கை தட்டினார்கள். ஆமாம் சாமி கூட்டம். மறுநாளே படியில் இருந்த வை-ஃபை டப்பாவைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அன்றிலிருந்து தங்கை டாக்டரோடு பேசியது தெரு முனை மருந்துக்கடை வாசலில். சிக்னல் அங்கேதான் நிலைக்கும். வண்டிச் சத்தத்தில் டாக்டர் கத்துவார். வாந்தி எத்தனை தடவை, வயிறு போகிறதா, என்ன நிறத்தில் போகிறது. இவளும் கத்திப் பதில் சொல்ல வேண்டும். மருந்து வாங்க வந்த ஆண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவன் சிரித்தான். அவன் காலடியில் காறித் துப்பினேன். அவள், விடுக்கா, அவனுக்கும் வயிறு போகிற நாள் வரும் என்றாள்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். செயலாளர் கதவைச் சாத்தியதும் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தேன். ஆனால் குளிக்க, பாத்திரம் கழுவ, பல் தேய்க்க எல்லாவற்றுக்கும் கேன் வாங்க நான் என்ன மகாராணியா? குழாய்த் தண்ணீரைத்தான் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். காய்ச்சக் காய்ச்ச வாடை வீடு முழுக்கப் பரவியது. கட்டிய துணியில், தலையணையில், என் கை விரல்களில். தங்கை வாந்தி எடுத்தாள். மருந்தினால் வரும் வாந்தி என்று நினைத்துக்கொண்டோம்.

கேனைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒரு நாள் பேராசிரியர் எதிரே வந்தார். அவர் பின்னால் ஒரு ஆள் இரண்டு தோளிலும் கேன் சுமந்து படியேறினான். எங்கள் தொட்டித் தண்ணீர்தான் அவருக்கும். உங்களுக்கும் நாறுகிறதா சார் என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசுங்கம்மா. வீட்ட விக்கப் போறோம், பாக்க ஆளுங்க வர்றாங்க."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ரொம்ப நாளாகவே கேன்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். தண்ணீர் அத்தியாவசியம் என்று மேடை போட்டுப் பேசிய வாய்! கீழ் வீட்டில் ஒருத்தி மொட்டைத் தலையோடு அதே தண்ணீரில் வாய் கொப்பளிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தினமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விலை குறைந்துவிடுமே என்று கமுக்கமாக இருந்திருக்கிறார். எனக்கு அந்தத் தண்ணீரைவிட அவரைப் பார்க்கத்தான் குமட்டியது.

மருந்து ஏற்ற வேண்டிய நாளுக்கு முந்தின நாள், ஒரு பெண்ணுக்கு முடி அலசிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பேசினில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தது. நான் காலையில் பேசினில் எதுவும் கழுவவில்லையே என்று யோசித்துக்கொண்டே பார்த்தேன். பருக்கை வளைந்தது. நிமிர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று நெளிந்தது. அந்தப் பெண்ணின் ஈர முடிக்குள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சீப்பால் அதைத் தள்ளிவிட்டுப் பேசின் மேல் துண்டைப் போட்டு மூடினேன். தண்ணீர் நின்றுவிட்டது என்று ஏதோ உளறி, கேன் தண்ணீரை ஊற்றி அலசி அனுப்பி வைத்தேன். என் கையை வெட்டி எறிந்துவிடலாமா என்று இருந்தது.

தண்ணீரைத் தொடாதே என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். தங்கை போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. நெற்றியில் கை வைத்தேன். சுட்டது.

"இல்லக்கா, லேசாத்தான் இருக்கு," என்றாள். பொய் சொல்ல அவளுக்கு எப்போதும் வராது.

அவளைத் தூக்கி வண்டியில் ஏற்ற வாட்ச்மேன் மனைவிதான் வந்தாள். எந்தப் பெண் படியில் உட்காரக் கூடாது என்று கூட்டம் போட்டார்களோ அவள்தான் தங்கையின் வாந்தியைத் தன் புடவைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். அங்கே எடுத்த எடுப்பிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து, வீட்டில் என்ன தண்ணீர் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். குழாய்த் தண்ணீர்தான், காய்ச்சித்தான் கொடுத்தேன் என்றேன். மருந்து ஏற்றுவது இப்போதைக்கு இல்லை, முதலில் உயிரைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கைக்கு மாற்றுத் துணி வேண்டும். வாட்ச்மேன் மனைவியை அங்கே உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். துணியை எடுக்கவில்லை. நேரே வாட்ச்மேனிடம் போய் ஸ்பேனர் கேட்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. சீலை உடைத்தால் வேலை போய்விடும் மேடம் என்றார். உங்களை யார் உடைக்கச் சொன்னது, ஸ்பேனரை மட்டும் கொடுங்கள் என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மொட்டை மாடியில் ஏணியைச் சாத்தி ஏறினேன். தொட்டி மூடியின் மேல் அந்தப் பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் தொட்டிக்குள் இறங்கியது. ஒயர் போக வழி வேண்டும் என்று கம்பெனிக்காரன் மூடியின் ஓரத்தையே உடைத்திருந்தான். உடைத்த ஓட்டையில் தெர்மக்கோலைத் திணித்திருக்கிறான். வெயிலில் அது பொடிப்பொடியாகி, ஒரு புறா தாராளமாக நுழைகிற வழி திறந்து கிடந்தது. தண்ணீரைக் காவல் காக்க வைத்த பெட்டிக்காக மூடியை உடைத்தவனை என்ன சொல்லித் திட்டுவது? இருக்கிற வசவெல்லாம் போதவில்லை.

சீலை உடைத்து மூடியைத் தள்ளினேன். வாடை அடித்த வேகத்தில் ஏணியிலிருந்து விழாமல் இருந்ததே பெரிது. மூன்று புறாக்கள். ஒன்று ஊதி, வயிறு வெடித்து மிதந்தது. ஒன்றின் எலும்பில் இறகு மட்டும் மிச்சம். மூன்றாவது ஒயரைச் சுற்றிச் சிக்கிக் கிடந்தது. அதன் கழுத்துப் பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம். இதில்தான் அவளைக் குளிப்பாட்டினேன். இதைத்தான் காய்ச்சி, ஆற்றி, உப்புப் போட்டு, புண்ணான வாயில் ஊற்றிக்கொள்ளச் சொன்னேன். ஏணியில் நின்றபடியே வாந்தி எடுத்தேன். பிறகு கட்டடமே அதிரக் கத்தினேன்.

எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவராக ஏணியில் ஏறி எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். பேராசிரியர் ஏறவில்லை. கடைசியாகச் செயலாளர் வந்தார். சீல் உடைந்து கிடப்பதைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம்தான் தொட்டிக்குள் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். அதில் நீலத் துளி. தண்ணீர் அளவு: நிறைவு, நிலை: தூய்மை.

வாட்ச்மேன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெட்டியில் ஒரு பச்சை லைட் எரியும், கூட்டம் முடிந்து படியில் இருந்த டப்பாவைக் கழற்றியதிலிருந்து எரியவில்லை என்று. அந்தப் பெட்டி பேசிக்கொண்டிருந்தது படிக்கட்டு வை-ஃபை வழியாகத்தான். அதைப் பிடுங்கியதும் பெட்டி ஊமையாகிவிட்டது. போன் மட்டும் கடைசியாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

காரணம் கிடைத்துவிட்டது என்று செயலாளர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நெட்டைக் கட் பண்ணியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார், யாரோ வேறு ஆள் கட் பண்ணின மாதிரி. எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்தது என்றார் பேராசிரியர். நெட் வந்தால் பெட்டியே புகார் அனுப்பிவிடும், எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செயலாளர் கீழே ஓடினார். பீரோவைத் திறந்து, டப்பாவை எடுத்து, படியில் பழைய இடத்தில் மாட்டினார். புது இணைப்புக்கு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வருஷம் முழுமைக்கும் சங்கம் முன்பே பணம் கட்டியிருந்தது. வெறும் வயிற்றெரிச்சலுக்காகப் பிடுங்கி வைத்திருந்திருக்கிறார்.

மூச்சு வாங்க மேலே வந்தார். பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. எல்லோரும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அவர் போன் மேல் குனிந்தார்கள். இரண்டடி தள்ளிப் புறாக்கள் மிதந்துகொண்டிருந்தன. திரையில் ஒரு சின்ன வளையம் சுற்றியது. சுற்றி நின்றது.

நீலத் துளி. தண்ணீர் அளவு: நிறைவு. நிலை: தூய்மை. இந்த முறை பழசு இல்லை, அந்த நிமிஷத்து நேரத்தோடு புத்தம் புதிதாக வந்திருந்தது.

செயலாளர் 'அப்பாடா' என்று மூச்சு விட்டார். என் காதால் கேட்டேன். அதற்கப்புறம்தான் அவருக்குப் புறாக்களின் ஞாபகம் வந்தது. தொட்டியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். அந்தப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் எவ்வளவு உயரம், உப்பு எவ்வளவு என்பதுதான் என்று பிறகு கம்பெனிக்காரன் வந்து சொன்னான். புறா அதன் கணக்கில் இல்லையாம்.

தங்கை பிழைத்தாள். காய்ச்சல் இறங்கவே வெகு நாள் ஆயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் டம்ளர் தண்ணீரை ஒவ்வொரு தடவையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தேன். மிஷினும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், எல்லாவற்றையும் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும் என்றேன்.

"நெட்டு என்னக்கா பண்ணுச்சு? எனக்கு ரெண்டுமே வேணும். ரெண்டையும் அந்தாளுதானே மூடி வெச்சான்," என்றாள்.

மருந்துக்கடை வாசலில் அவள் கத்திக்கொண்டு நின்றதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தத் தவணை மருந்து ஏற்றவில்லை. உடம்பு தேறட்டும் என்று அதற்கடுத்ததையும் தள்ளிவைத்தார்கள். புது ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, பார்க்கலாம் என்றார். முன்பெல்லாம் சரியாகிவிடும் என்பார்.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் தங்கையின் தலையில் முடி முளைக்க ஆரம்பித்தது. மெல்லிசாக, பூனைமுடி மாதிரி. வாழ்நாள் முழுக்க முடியை வைத்துப் பிழைக்கிறவள் நான். முடி வளர்வதைப் பார்த்துப் பயப்படுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மருந்து ஏறியிருந்தால் அந்த முடி முளைத்திருக்காது. தினமும் காலையில் அவள் கண்ணாடி முன் நின்று தலையைத் தடவிப் பார்ப்பாள். நான் அந்தப் பக்கம் போகாமல் துண்டுகளை மடித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வருவேன் என்று அவள் அடம் பிடித்தாள். தலைக்குத் துணி கட்டாமல் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேஜையில் வரிசையாக மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள், கடையில் வாங்கியவை. அந்தக் கட்டடத்துக் குழாய்த் தண்ணீரை அந்தக் கட்டடத்தில் ஒருவரும் குடிப்பதில்லை. ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள்.

செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமினார். நடந்தது நமக்கெல்லாம் ஒரு பாடம், இந்தக் காலத்தில் இன்டர்நெட் தண்ணீரைப் போல அத்தியாவசியம், அதனால் படிக்கட்டு வை-ஃபையை இனி ஒரு நாளும் நிறுத்துவதில்லை என்று தீர்மானம் வாசித்தார். பேராசிரியர் வழிமொழிந்தார். அடிப்படை உரிமை, அது இது என்று அதே நீட்டி முழக்கல். பலே என்று கை தட்டினார்கள். போன கூட்டத்தில் தட்டிய அதே கைகள்.

தங்கை எழுந்தாள். பேச விதி இல்லை என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அந்த அளவுக்குக் கூச்சம் மிச்சம் இருந்தது.

"தொட்டி மூடிய இனிமே யாரு தொறந்து பாப்பாங்க சார்?" என்று கேட்டாள்.

செயலாளர் போனைத் தூக்கிக் காட்டினார். இனி இணைப்பு அறுபடாது, எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார். அந்த ஓட்டை என்று கேட்டாள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து புதிதாகத் தெர்மக்கோல் வைத்து அடைத்துவிட்டுப் போயிருப்பதாகச் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டே முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அட, முடியெல்லாம் வளந்துடுச்சே! அப்ப முழுசா நல்லாயிட்டீங்க."

எல்லோரும் திரும்பி அவள் தலையைப் பார்த்தார்கள். பேராசிரியர்தான் முதலில் கை தட்டினார்.